கறுப்பி குடித்த மழைத்தண்ணி

மட்டக்களப்புக் கார் ஸ்ராண்டில் பேர்னாட்டின் காரை யாரும் கார் என்று சொன்னதில்லை. கறுப்பி என்றுதான் சொன்னார்கள். பெயர் வைத்தவன் பக்கத்துக் கார்க்காரன் நல்லரத்தினம். தன்னுடைய காருக்கு ஒழுங்கான ஹோர்ன் ஒன்று பூட்ட வக்கில்லாத மனிசன், அடுத்தவன் காருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பேர்னாட்டுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரே வீட்டில் மனைவி றோஸ்மேரியிடம், "கறுப்பிக்கு இண்டைக்கு உடம்பு சுகமில்ல" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

கறுப்பி இங்கிலாந்துக் கார். பனி கொட்டுகிற நாட்டில் செய்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது பதுளையில் விற்றார். றோஸ்மேரியின் சீதன நகை போய்த்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். மலைக்குளிரில் சொகுசாகக் கிடந்தவளைக் கொண்டுவந்து மட்டக்களப்பு வெயிலில் நிறுத்தினால் என்ன நடக்கும்? கொதித்தாள். கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் கொதித்தாள். ஆரையம்பதிக்குக் கலியாணக்காரரை ஏற்றிக்கொண்டு போனால், பாதி வழியில் பட்டுச்சேலைக்காரிகள் இறங்கி றோட்டோரத்தில் விசிறிக்கொண்டு நிற்பார்கள். பதுளைக்கு வாடகை ஓட்டம், ஹயர், என்றால் சொல்லவே வேண்டாம். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் ரயில் என்ஜின் மாதிரிப் புகை விடுவாள்.

அது எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம். சனம் பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்றது; இதில் ஒரு பழைய காருக்கு, என்ஜின் தண்ணியை ஆற்றுகிற ரேடியேற்றர் யார் கொண்டுவந்து தரப் போகிறார்கள்? கொழும்பில் கடை கடையாய் ஏறி இறங்கினாலும் 'இல்லை' என்ற ஒரு சொல்தான் கிடைத்தது. ஸ்ராண்டில் இருந்த ட்ரைவர்மார் எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். பேர்னாட்டும் திட்டினார். ஆனால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு திட்டவில்லை.

முதலில், என்ஜின் சூடேறும் வரைக்கும் தண்ணீரை ஓடவிடாமல் மறித்து வைக்கிற தெர்மோஸ்ராற் என்ற சின்னச் சாமானைக் கழற்றி வீசினார். "குளிருக்குப் போர்க்கிற கம்பளி இது. மட்டக்களப்பில ஆருக்கடா கம்பளி?" என்றார். பிறகு காற்றாடியைப் பார்த்தார். அதற்கு இரண்டு இலைதான் இருந்தது. உடைந்து கிடந்த லொறியின் மட்காட்டில் தகரம் வெட்டி இன்னும் இரண்டு இலை செய்து குறுக்கே பூட்டினார். பூட்ட முதல் ஆணியில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை அரத்தால் ராவி, மறுபடி தொங்கவிட்டு, மறுபடி ராவி, றோஸ்மேரி சோற்றைப் போட்டுவிட்டுக் கத்திக் கத்தித் தொண்டை காய்ந்துபோன பிறகுதான் எழும்பினார்.

அதுவும் போதவில்லை. காற்றாடி சுற்றினாலும் காற்று பக்கத்தாலே தப்பி ஓடியது; ரேடியேற்றருக்குள்ளால் வரவில்லை. ஒரு பெரிய பிஸ்கற் ரின்னை அடியும் மேலும் வெட்டி, காற்றாடியைச் சுற்றி ஒரு கூடு கட்டினார். என்ஜினை மூடுகிற பொனற்றின் பின்விளிம்பை மரக்கட்டையும் சைக்கிள் ரியூப்பும் வைத்து உயர்த்தி, சூடு வெளியே போக வழி விட்டார். கடைசியாகத்தான் அந்தப் போத்தல். ஆசுப்பத்திரியில் எறிந்த சேலைன் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்து, பொனற்றின் ஓரத்தில் பட்டி போட்டுக் கட்டி, ரேடியேற்றரின் வாயிலிருந்து அதற்குள் ஒரு றப்பர்க் குழாய் விட்டார். கொதித்துத் தள்ளுகிற தண்ணி நிலத்தில் ஊற்றாமல் போத்தலுக்குள் போகும். என்ஜின் ஆறும்போது ரேடியேற்றர் அதைத் தானே உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். சீற்றில் இருந்தபடியே ட்ரைவர் போத்தலைப் பார்க்கலாம்.

அன்றைக்கு ஸ்ராண்டே சிரித்தது.

"என்ன பேர்னாட், கறுப்பிக்குச் சேலைன் ஏத்தி இரிக்கி! எந்த வார்ட்?" என்று கேட்டான் நல்லரத்தினம்.

"சிரி, சிரி. அமிர்தகழித் தீர்த்தத்தண்டைக்கு உன்ர காரும் வரும்தானே, அங்க பாப்பம்."

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக் கோயில் றோட்டில் சனம் நெருக்கியது. மாட்டுவண்டி, சைக்கிள், காவடி, கச்சான் விற்கிறவன், எல்லாவற்றுக்கும் நடுவில் கார்கள் ஊர்ந்தன. ஓடுகிற காருக்காவது முகத்தில் காற்று அடிக்கும்; ஊர்கிற காருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொன்றாய் எல்லாம் கொதித்து, வாயைத் திறந்துகொண்டு ஓரத்தில் நின்றன. நல்லரத்தினத்தின் கார் முதலிலேயே நின்றது. கறுப்பி மட்டும் ஏறினவர்களை இறக்கி, இறங்கினவர்களை ஏற்றி, விடிய வெளிக்கிட்டவள் பொழுது சாயும் வரைக்கும் நிற்கவில்லை. பேர்னாட் நல்லரத்தினத்தைக் கடந்து போகும்போது தேவையே இல்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஆட்கள் தேடி வந்தார்கள். வாழைச்சேனையிலிருந்துகூட ஒருவன் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணன், எனக்கும் ஒரு கூடு அடிச்சித் தாங்க" என்றான். பேர்னாட் செய்துகொடுத்தார்; ஆனால் சும்மா செய்யவில்லை. "தொடாத, பாரு. கதைக்காத, பாரு" என்று அதட்டி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் குளிர்ந்துபோய்ச் செய்துகொடுத்தார். அந்த மனிசனுக்கு யாரும் பிழை சொன்னால் பிடிக்காது. யாரும் வந்து கேட்காமல் விட்டால், அது அதைவிடப் பிடிக்காது.

இவ்வளவும் செய்தாலும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். தாண்டவன்வெளியில் அவர் வீட்டுக் கிணறு, வாவிக்குப் பக்கத்துக் கிணறு எல்லாம் போல உவர். அதை ரேடியேற்றருக்கு விட்டால் உப்புப் படிந்து குழாயெல்லாம் அடைத்துவிடும். அதனால் கூரைத் தண்ணி விழுகிற இடத்தில் ஒரு பீப்பாயை வைத்தார். அந்த மழைத்தண்ணி கறுப்பிக்கு மட்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. துணி கட்டி வடித்து, கானில் நிரப்பி, கறுப்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற வேலை இளைய மகள் றீற்றாவுடையது.

றீற்றா அப்போது பாவாடை சட்டையோடு திரிந்தவள். வாய் சும்மா இருக்காது.

"அம்மா, இந்தத் தேத்தண்ணி கரிக்குது. பீப்பாயில ஒரு செம்பு அள்ளி ஊத்திக் குடுங்களன்."

"சும்மா இருகா. அப்பா கண்டா என்னைத் தின்னுவார்."

"கார் நல்ல தண்ணி குடிக்கும், நாங்க உப்புத்தண்ணி குடிக்கிறதா? மறுபிறப்புல நான் கறுப்பியாப் பிறக்கப்போறன்."

"கத்தோலிக்கப் புள்ளைக்கு என்ன மறுபிறப்பு!" என்று பேர்னாட் வெளியே நின்று சத்தம் போடுவார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போடுவார். ஆனால் ஒருநாளாவது, "ஒரு செம்பு அள்ளுங்க" என்று அந்த வாயால் சொன்னதில்லை.

இருந்த உப்பைக் கழுவ அவர் கண்டுபிடித்த வழிதான் பழப்புளி. றோஸ்மேரி பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவதைப் பார்த்தார். ரேடியேற்றரின் உள்ளும் பித்தளைதானே? வருசத்துக்கு ஒரு தடவை புளியைக் கரைத்துக் காய்ச்சி, வடித்து, சூட்டோடு ரேடியேற்றருக்குள் விட்டு, என்ஜினை ஓடவிட்டு, பிறகு திறந்துவிட்டார். சேறு மாதிரி ஊத்தை வந்தது. பேர்னாட் புளி என்று ஊரெல்லாம் அதற்குப் பெயராகிவிட்டது. யாரைக் கேட்டாலும், "கார் கொதிக்குதா, பேர்னாட் புளி விடு" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஒரு வருசம் புளி விட்டுத் திறந்தபோது ஊத்தையோடு பித்தளையும் தேய்ந்து, ரேடியேற்றரின் அடியில் ஓட்டைகள் விழுந்திருந்தன. காத்தான்குடியில் ஈயம் பற்றவைக்கிற முஸ்லிம் பெரியவர் காக்காவிடம் கழற்றிக்கொண்டு ஓடினார். காக்கா பெரிய ஓட்டைகளை அடைத்தார். மற்றதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கடதாசி மாதிரி மெலிஞ்சிட்டுத் தம்பி. சின்னப் பொட்டு ஓட்டையெல்லாம் ஈயத்துக்கு நிக்காது. கடுகை இடிச்சித் தூளாப் போடு, உள்ளால அடைச்சிக்கொண்டு கிடக்கும். ஆனா ஒண்டு. இனி இதுக்குப் புளி காட்டினா, அல்லா காவல்."

பேர்னாட் வீட்டுக்கு வந்து, "புள்ள, கொஞ்சம் கடுகு இடிச்சித் தா" என்று றீற்றாவிடம் கேட்டார். ஏன் எதற்கு என்று அதிகம் சொல்லவில்லை. ரேடியேற்றருக்குப் போடுவதை அவள் பார்த்தாள். "பொட்டு அடைக்க" என்றார், அவ்வளவுதான். ஸ்ராண்டில் வாயே திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் ரேடியேற்றர் பார்க்கிற பேர்னாட்டின் ரேடியேற்றர் ஓட்டையாம் என்று நல்லரத்தினத்தின் வாயில் விழுவதைவிட வாவியில் விழலாம்.

இப்படியாகக் கடுகிலும் மழைத்தண்ணியிலும் கறுப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது றீற்றாவுக்குக் கலியாணம் பேச்சு வந்தது.

மட்டக்களப்பில் பெண்ணைப் பெற்றவன் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டாள். அதுதான் முறை. பேர்னாட்டிடம் இருந்த ஒரே வீடு மூத்தவள் மார்கிறட்டுக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அவரும் றோஸ்மேரியும் இப்போது இருப்பதே மகள் வீட்டில், மருமகன் முகம் பார்த்து. றீற்றாவுக்கென்று பக்கத்தில் ஒரு வெறும் வளவு கிடந்தது. அதில் நான்கு தென்னை நின்றது, வேறொன்றும் இல்லை.

மாப்பிள்ளை ஜெயராஜா நல்லவன். சின்ன உப்போடைப் பையன். அடுத்தவனின் லொறியில் ட்ரைவராக ஓடிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் பிலோமினா வெற்றிலையை மென்றுகொண்டே விசயத்துக்கு வந்தாள்.

"அண்ணன், வீடில்லாட்டி என்ன, கார் இரிக்கித்தானே? காரைத் தாங்க. ரெண்டு வருசம் ஓடி உழைச்சா, உங்கட வெறும் வளவில அவன் கல்வீடே கட்டிப்போடுவான். அதுவரைக்கும் புள்ள என்னோட இருக்கட்டும்."

பெண் போய் மாமியாரோடு இருப்பதா! றோஸ்மேரி குசினிக்குள் மூக்கைச் சிந்தினாள். பேர்னாட் கணக்குப் போட்டுப் பார்த்தார், வேறு வழியில்லை. கறுப்பி ஓடினால் றீற்றாவுக்கு வீடு. ஓடாவிட்டால் காலம் முழுக்க மாமியாரின் குசினிதான். கறுப்பியை எழுதிக் கொடுத்தார்.

ஜெயராஜாவைப் பக்கத்தில் இருத்தி எல்லாம் சொல்லிக் கொடுத்தார். காற்றாடி, கூடு, பொனற் இடைவெளி, மழைத்தண்ணி. "கண்ணைப் போத்தலில வை தம்பி. போத்தல் நிறைஞ்சி இருந்தாப் பயமில்ல. குறைஞ்சா நிப்பாட்டு" என்றார். அவன் பவ்வியமாகக் கேட்டுக்கொண்டான். ரேடியேற்றரின் அடியில் இருக்கிற கடுகைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. சீதன வீட்டில் கறையான் இருக்கிறது என்று எந்தத் தகப்பன் சம்பந்தியிடம் போய்ச் சொல்லுவான்? ஒவ்வொரு நாளும் காலையில் போய்த் தானே பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி கடுகு போட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தார். நினைப்பில் ஒரு குறையும் இல்லை.

அப்படியே போகவும் செய்தார். கலியாணம் முடிந்த மறுகிழமையிலிருந்து, விடிந்ததும் சைக்கிளில் சின்ன உப்போடைக்குப் போவார். பொனற்றைத் திறப்பார். குனிந்து அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். மகள் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவார். பிலோமினாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே எரிச்சல். "இதென்ன கார், ஆசுப்பத்திரிக் கட்டில் மாதிரி போத்தலும் குழாயும்!" என்று மகனிடம் சொல்லுவாள். ஜெயராஜா, "அம்மா, அதாலதான் ஓடுது, சும்மா இரிங்க" என்று வாயை அடைத்துவிடுவான். அவ்வளவு நல்லவன்.

ஒருநாள் காலையில் பேர்னாட் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க, பிலோமினா வாளியோடு கிணற்றடிக்குப் போனவள் நின்றாள். அயலில் இரண்டு பெண்கள் வேலியடியில் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"அண்ணன், சொல்றனெண்டு குறை நினைக்காதீங்க. வீட்டைச் சீதனமாக் குடுத்த ஆள், விடிஞ்சாப் போதும் எண்டு வந்து கூரையில ஏறி நிக்கிறல்லத்தானே? குடுத்தாக் குடுத்ததுதான். கார் இப்ப என்ட மகன்ட கார்."

வேலியடியில் சிரிப்புக் கேட்டது. பேர்னாட் தலையை வெளியே எடுத்தார். ஜெயராஜா வாசலில்தான் நின்றான். அவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'மாமா பாக்கட்டும் அம்மா' என்று சொல்லியிருந்தால் போதும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் பேர்னாட்டைச் சுட்டது.

"சரி தங்கச்சி. உங்கட கார்தான்" என்று சொல்லிவிட்டு, கையை உடுத்திருந்த சாரத்திலேயே துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அதோடு போவதை நிறுத்தினார். என்ன அவமானம்! கார் இல்லாத ட்ரைவருக்கு ஸ்ராண்டில் என்ன இடம்? நல்லரத்தினம்கூட, "பேர்னாட், இதில வந்து குந்து" என்று இரக்கப்பட்டுக் கூப்பிடத் தொடங்கிவிட்டான். அந்த இரக்கம் முந்தின நக்கலைவிடக் கேவலமாக இருந்தது. வீட்டில் மூத்த மருமகனின் கதிரையில் தெரியாமல் இருந்துவிட்டு எழும்ப வேண்டியிருந்தது. கறுப்பி தெருவால் போனால், சத்தம் கேட்டே தெரிந்துகொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒன்று மட்டும் ஆறுதல். ஜெயராஜா உழைத்தான். றீற்றாவின் வளவில் அத்திவாரம் வெட்டி, கொஞ்சம் கருங்கல்லும் கொண்டுவந்து பறித்திருந்தான்.

ஒரு பின்னேரம் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது சின்ன உப்போடைப் பக்கத்தால் வந்தார். ஏன் அந்த வழியால் வந்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. கிடுகுவேலியில் ஓர் இடம் பிய்ந்திருந்தது. உள்ளே கறுப்பியின் பொனற் திறந்திருந்தது. ஜெயராஜா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் மூன்று கல் வைத்து ஒரு பானை காய்ந்தது. காற்றில் மணம் வந்தது.

பழப்புளி.

பேர்னாட் வாயைத் திறந்துவிட்டார். 'தம்பி, விடாத' என்று இரண்டு சொல். இரண்டே சொல். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. வந்த இடத்தில், கூரையில் ஏறி நிற்கிறவன் என்று கேட்டது. வேலியடிச் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. கார் மகன்ட கார்தானே. மகன்ட காருக்கு மகன் என்னத்தையும் ஊற்றட்டும்.

கெட்ட மனிசன் இல்லை பேர்னாட். மகளுக்குக் கேடு வரட்டும் என்று நினைக்கவில்லை. அவர் நினைத்தது வேறு. புளி விட்டால் கடுகு கரையும். நாளைக்குக் காலையில் காருக்கு அடியில் குளமாக நிற்கும். அப்போது ஓடி வருவார்கள்தானே? 'மாமா, கொஞ்சம் வந்து பாருங்க' என்று அந்தப் பிலோமினாவின் மகனே வந்து வாசலில் நிற்பான்தானே? நிற்கட்டும். கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் போவேன் என்று நினைத்தார். அந்த நினைப்பு இனித்தது. பானையைத் தூக்கி ஜெயராஜா ரேடியேற்றருக்குள் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பேசாமல் கிறுகி நடந்தார்.

காலையில் முகம் கழுவி, வெள்ளைச் சாரம் உடுத்து, வாசலிலேயே குந்தியிருந்தார். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. பொறுக்க முடியாமல் ஸ்ராண்டுக்குப் போனார்.

"உன்ர மருமகனுக்கு இண்டைக்கு யோகம்டா" என்றான் நல்லரத்தினம். "விடியவே பதுளை ஹயர். குடும்பம் ஒண்டு, பொட்டியும் படுக்கையுமா, மேல கரியர் நிறையச் சாமான்."

பேர்னாட் அப்படியே மர வாங்கில் இருந்துவிட்டார். காகம் கத்தினாலும் கறுப்பியின் சத்தம் போலவே கேட்டது. சமதரையில் சும்மா நிற்கும்போது ஒழுகாத ஓட்டை, ஏற்றத்தில் சூடும் அமுக்கமும் ஏறினால்தான் வாய் திறக்கும் என்று அவருக்கு இப்போது நினைவு வந்தது. எல்லாம் தெரிந்த மனிசன்தானே. நேற்றைக்கு அந்த வேலியடியில் அது மட்டும் ஏன் நினைவு வரவில்லை?

மறுநாள் பின்னேரம் ஒரு லொறி கறுப்பியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தது. ஜெயராஜாவின் முகம் கரியாக இருந்தது. சொல்லும்போது அழுதுவிட்டான்.

"நான் போத்தலைப் பாத்துக்கொண்டுதான் போனன் மாமா. சத்தியமா. போத்தல் நிறைஞ்சிதான் இருந்தது. ஒரு சொட்டும் குறையல்ல. லுணுகலை ஏத்தத்தில எரிஞ்ச மணம் வந்து நிப்பாட்டினா, உள்ளுக்க ஒரு சொட்டுத் தண்ணியில்ல. ஓடையில அள்ளி ஊத்தினன். டங் எண்டு ஒரு சத்தம்."

போத்தல் எப்படிக் குறையும்? அடியில் ஓட்டை விழுந்த ரேடியேற்றர் காற்றை உறிஞ்சும். போத்தல் தண்ணியை உறிஞ்சாது. உள்ளே வறண்டு எரிந்துகொண்டிருக்க, வெளியே போத்தல் நிறைந்தபடி நின்றிருக்கும். நிறைந்திருந்தால் பயமில்லை என்று சொல்லிக் கொடுத்தவர் பேர்னாட்தான். நெருப்பாய்க் கிடந்த இரும்பில் பச்சைத்தண்ணி விழ, என்ஜின் கட்டையே வெடித்துவிட்டது. அதற்கு மாற்று மட்டக்களப்பில் இல்லை, கொழும்பில் இல்லை, நாட்டிலேயே இல்லை.

"நீங்க செய்யிற மாதிரித்தானே புளி விட்டன்? வீட்டில ஆருமில்லாத நேரம் பாத்து உங்களைக் கூப்பிடுவம் எண்டும் நினைச்சன். அம்மா பேசினதுக்குப் புறகு எந்த முகத்தோட கூப்பிடுறது? நீங்க வராட்டியும் உங்கட முறையில கழுவி வைப்பமெண்டு செய்தன். நான் என்ன பிழை விட்டன் மாமா?"

பேர்னாட் வெடித்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஒரு பிழையுமில்ல தம்பி. கார் கிழடாப் போயிட்டு."

பிலோமினா விட்டாளா? "செத்த காரைத் தலையில கட்டி என்ட மகனைப் பேய்க்காட்டிப் போட்டான் அந்த மனிசன்!" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள். அதில் பாதி உண்மை என்பதுதான் பேர்னாட்டுக்குப் பெரிய வேதனை. ஜெயராஜா பழையபடி அடுத்தவனின் லொறிக்குப் போனான். தாண்டவன்வெளி வளவில் வெட்டின அத்திவாரம் மாரிக்கு நிரம்பித் தவளை கத்தியது. அடுத்த மாரிக்கு மண் சரிந்து, எங்கே வெட்டினது என்றே தெரியாமல் போனது. கருங்கல்லை மூத்த மருமகன் கேட்டு வாங்கித் தன் மதிலுக்குப் போட்டுக்கொண்டான்.

கறுப்பி சின்ன உப்போடையில் பூவரச மரத்துக்குக் கீழே நின்றாள். பின்சீற்றில் பிலோமினாவின் கோழிகள் முட்டையிட்டன. பேர்னாட் நல்லரத்தினத்தின் காரைக் கூலிக்கு ஓட்டினார். அந்தக் காரும் கொதித்தது. ஆனால் அதற்கு அவர் ஒரு தகரத்துண்டும் வெட்டவில்லை. யாரும் வந்து கேட்டால், "எனக்கு ஒண்டும் தெரியா" என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு பூசை முடிந்து மட்டும் மகளைப் பார்க்கப் போனார். றீற்றாவின் வாய் அடங்கிப்போயிருந்தது. மாமியார் முற்றத்தில் நிற்கும்வரை அவள் தலை நிமிராது. வருசங்கள் போய், கைப்பிள்ளை ஒன்றும் இடுப்பில் ஏறிவிட்ட பிறகு, ஒரு ஞாயிறு பிலோமினா ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தாள். ஜெயராஜா லொறியில். வீட்டில் வேறு யாரும் இல்லை. பேர்னாட் குசினி வாசலில் இருந்தார். யன்னலால் கறுப்பி தெரிந்தாள். அவளுக்கு அங்கால் வேலி. பிய்ந்த இடத்தைப் புதுக் கிடுகு வைத்துக் கட்டியிருந்தார்கள்.

றீற்றா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அவர் புளி விட்டண்டைக்கு நீங்க அந்த வேலியடியில நிண்டீங்க. நான் இதில நிண்டு கண்டனான்."

பேர்னாட் யன்னலால் அந்த வேலியைப் பார்த்தார்.

"கடுகு இடிச்சித் தந்தது நான்தானே? கடுகு போட்டதுக்கு மேல புளி விடலாமா எண்டு எனக்கு மனசுக்குள்ள ஒரு இதுவா இருந்தது. அவரை மறிப்பம் எண்டு வெளிக்கிட்டன். அப்பதான் உங்களைக் கண்டன். பாத்துக்கொண்டு நிண்டிட்டு, பேசாமப் போனீங்க. அப்பாவே பாத்திட்டுப் போறார், பிழையெண்டாச் சொல்லுவார்தானே எண்டு நானும் பேசாம இருந்திட்டன்."

"புள்ள..."

"அவரிட்டச் சொல்லல்ல. மாமிட்டயும் சொல்லல்ல. சொன்னா நீங்க இஞ்ச வர ஏலாது."

அவள் அழவில்லை; குரலும் உயரவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிவிட்டு, கோப்பையைக் கொண்டுவந்து தகப்பனின் கையில் வைத்தாள். கூரையோரத்தில் ஒரு பீப்பாய் இருந்தது. கலியாணம் முடிந்து வந்த கிழமை கறுப்பிக்கென்று அவள் வைத்தது. இன்னும் துணி கட்டி நிறைந்தபடி இருந்தது.

"குடிங்க. மழைத்தண்ணித் தேத்தண்ணி. இனி அதுக்கு ஆரும் காவலில்லத்தானே."

பேர்னாட் ஒரு வாய் குடித்தார். ஒரு துளி கரிப்பு இல்லை. மகள் முன்னால் நின்று, அவர் முழுவதையும் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.